தேடும் வேலை யாருடையது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சேர்க்கை ஆணை ஜூலையில் கைக்கு வருகிறது. விடுதி ஒதுக்கீட்டின் முதற்பட்டியல் ஆகஸ்டில் வெளியாகிறது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்குச் செப்டம்பரோ அக்டோபரோ ஆகலாம். கல்வி உதவித்தொகை வங்கிக் கணக்கை எட்டும்போது பிப்ரவரி, மார்ச் ஆகிவிடுகிறது; கல்வியாண்டே முடிந்த பிறகு வருவதும் உண்டு. இந்தத் தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்களில் அம்மாணவர் எங்கே படுக்கிறார், எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்கும் கட்டம் நான் பார்த்த எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை.

மாணவர் நலத்திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'போதுமான நிதி ஒதுக்கப்படவில்லை' என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. உணவுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் இந்நாட்டில் சிறிதும் பெரிதுமாகப் பல உதவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. மத்திய அமைச்சகங்கள், மாநிலத் துறைகள், பல்கலைக்கழக நிர்வாகம், அறக்கட்டளைகள், மடங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் என்று அவை பலவிடத்தும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து, தமக்குத் தகுதி உண்டா என்று பார்த்து, சான்றிதழ் திரட்டி, இணையதளத்தில் ஏற்றி, 'குறைபாடுடையது' என்று திரும்பி வந்ததைத் திருத்தி, பணம் வரும்வரை படிப்பையும் விடாமல் இருக்கும் பொறுப்பு முழுவதையும் பதினெட்டு வயது மாணவரின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். அப்பொறுப்பு கல்வி நிறுவனத்துக்கு உரியது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் தொகைகளைப் பார்ப்போம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். 2021இல் வெளியான நெறிமுறைகளின்படி, கட்டணம் நீங்கலாக, பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பொதுப் பட்டப்படிப்பை விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் படி. மாதம் 500, நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய்ச் சொச்சம். மாநில அரசுகளின் நல விடுதிகளில் நிலைமை சற்று மேல். தமிழ்நாட்டில் கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100இலிருந்து 1,500 ரூபாய் ஆயிற்று. தெலங்கானாவில் 2024இல் 1,500இலிருந்து 2,100 ஆயிற்று. உயர்த்தப்பட்ட தொகையை முப்பதால் வகுத்தால் ஐம்பது ரூபாயும் எழுபது ரூபாயும் வருகின்றன. மூன்று வேளைக்கும் சேர்த்து. உங்கள் கல்லூரி வாசலில் ஒரு சாப்பாடு என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும்.

தொகை குறைவு என்பதைவிட அது வரும் நேரமே பெரிய கேடு. 2021-22 முதல் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் மாநிலம் தன் 40 விழுக்காட்டுப் பங்கைச் செலுத்திய பின்பே மத்திய அரசின் 60 விழுக்காடு விடுவிக்கப்படுகிறது. மாநிலம் தாமதித்தால் இரண்டும் தாமதம். பணம் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்குச் செல்கிறது; எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பது மாணவர்களில் பலருக்குத் தெரியாது. பள்ளியில் எட்டாம் வகுப்பில் தொடங்கி, பிறகு ஒருமுறையும் பயன்படுத்தாமல் முடங்கிப்போன கணக்குக்குத் தொகை போய்த் திரும்பியதை நானே இரண்டு மூன்று மாணவர்களின் விண்ணப்பங்களில் கண்டிருக்கிறேன். சொந்த மாநிலத்தை விட்டு வெளியே படிப்பவரின் பாடு இன்னும் சிக்கல். இத்திட்டத்தில் உதவித்தொகை வழங்குவது மாணவரின் சொந்த மாநிலம். சரிபார்க்க வேண்டியதோ வேற்று மாநிலத்துக் கல்லூரி. நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஹைதராபாத்திலோ டெல்லியிலோ படித்தால், தமிழ்நாட்டுத் துறையின் கடிதத்துக்கு அங்குள்ள எழுத்தர் பதில் எழுத வேண்டும். 'இது எங்கள் மாநிலத் திட்டமன்று' என்று அவர் சொல்லிவிட்டால் அந்த ஆண்டு போயிற்று. வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையத் தந்தை இரண்டு நாள் கூலியை இழக்கிறார்.

ஜூலையில் எழுந்த பசிக்கு மார்ச்சில் வரும் பணத்தை உதவி என்று சொல்வது சரியான சொல்லாட்சியா என்பது என் ஐயம். செலவழித்துவிட்டவருக்கு அச்செலவை ஈடுசெய்யும் தொகை அது. செலவழிக்க முதலில் எவரிடமேனும் பணம் இருந்திருக்க வேண்டும். தாயின் மகளிர் குழுக்கடன், அடகுக்கடை, மூத்த மாணவரின் கைமாற்று ஆகியவையே நம் உயர்கல்வியின் அறிவிக்கப்படாத முன்பண நிதி. கடன் தர ஆளில்லாதவருக்கு இத்திட்டம் எட்டாது. அத்தகையவருக்காகவே அது வகுக்கப்பட்டதாகவும் சொல்லப்படுகிறது. ஆராய்ச்சி மாணவர் நிலை தொகையில் மேல், தாமதத்தில் அதே. ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதே துறையில், அதே மேசையில் அமர்ந்து ஆய்வு செய்யும், நெட் தகுதி வழியாக வராத மத்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக 8,000தான். 2016 ஜனவரி 17 அன்று உயிர்நீத்த ரோஹித் வேமுலா, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐவரில் ஒருவர். ஏழு மாத உதவித்தொகை தமக்கு வரவேண்டியிருப்பதை அவர் தம் இறுதிக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். அந்நிகழ்வைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அந்த ஏழு மாதக் கணக்கைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

உறைவிடத்துக்கு வருவோம். விடுதி கிடைக்காத பட்டியல் சாதி மாணவர்களுக்கு மஹாராஷ்டிர அரசின் ஸ்வாதார் திட்டம் ஒரு நல்ல முன்மாதிரி. மும்பை, புணே போன்ற பெருநகரங்களில் படிப்பவருக்கு உணவுக்கு 32,000, தங்குமிடத்துக்கு 20,000, இதரச் செலவுக்கு 8,000 என ஆண்டுக்கு 60,000 ரூபாய் வரை நேரடியாக வழங்குவது அத்திட்டத்தின் அமைப்பு. 'விடுதியில் இடமில்லை' என்று கைவிரிப்பதற்கு மாறாக, இடமில்லாமைக்கு ஒரு விலையை அரசு ஒப்புக்கொள்கிறது. ஆந்திரத்தில் 2020இல் தொடங்கிய வசதி தீவெனத் திட்டத்தில் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், தாயின் கணக்கில் செலுத்தப்பட்டது. இவற்றின் பெயரும் விதியும் ஆட்சிக்கு ஆட்சி மாறுபவை; சென்ற ஆண்டு பயனடைந்த மூத்த மாணவர் சொல்லும் வழி இவ்வாண்டு பொருந்தாமல் போகலாம். ஆகவே, தகவலைப் புதுப்பித்து வைத்திருக்கும் ஒருவர் வளாகத்திற்குள்ளேயே தேவைப்படுகிறார்.

விடுதி கிடைக்காதவர் பேயிங் கெஸ்ட் அறைகளுக்குப் போகிறார். அங்கே ஒரு மாத வாடகையும் முன்பணமும் முதல் நாளே கேட்கப்படும். பெயரும், ஊரும், என்ன சாப்பிடுவீர்கள் என்பதும் கேட்கப்படும். தலித், முஸ்லிம், வடகிழக்கு மாநில மாணவர்களுக்கு அக்கேள்விகளின் பொருள் தெரியும். வளாகத்துக்கு வெளியே உள்ள விடுதிகளில், மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் தொடர்ந்து 90 நாட்களேனும் தங்குவோருக்கு ஜி.எஸ்.டி. விலக்கு அளிக்க 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்தது நல்ல முடிவு. ஆனால் முன்பணத்தை அது குறைக்கவில்லை. முன்பணம் என்பது ஏழை மாணவருக்கு எவ்வளவு பெரிய தடை என்பதை நிர்வாகங்கள் உணர்வதில்லை. 2019இல் ஜே.என்.யு. விடுதிக் கட்டணப் போராட்டத்தின்போது, 'மாதம் பத்து ரூபாய் வாடகையா' என்று தொலைக்காட்சி விவாதங்களில் நகைத்தார்கள். 5,500 ரூபாயாக இருந்த மெஸ் வைப்புத்தொகையை 12,000 ஆக்க முன்மொழியப்பட்டதையும், மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம் புதிதாகச் சேர்க்கப்பட்டதையும் விவாதித்தவர்கள் சிலரே. வைப்புத்தொகை பின்னர் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. முதல் வாரத்தில் அது கையில் இருக்க வேண்டும் என்பதும் உண்மை.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மிகப் பரவலான உறைவிட உதவித் திட்டம் எது என்று என்னைக் கேட்டால், விடுதி அறையில் பதிவில்லாமல் தங்கும் விருந்தினர்தான் என்பேன். இருவருக்கான அறையில் மூவர், நால்வர். தரையில் ஒரு பாய். மெஸ்ஸில் ஒருவர் தட்டில் இருவர், அல்லது விருந்தினர் கூப்பன். சேர்க்கை தொடங்கி அக்டோபர் வரை இந்த ஏற்பாடு இல்லையென்றால் முதல் தலைமுறை மாணவர்களில் எத்தனை பேர் முதற்பருவத் தேர்வை எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இதை நடத்துபவர்கள் மாணவர்கள். செலவும் அவர்களுடையதே, டிவைடிங் முறையில் மெஸ் பில் எல்லாருக்கும் சற்றுக் கூடும், முணுமுணுப்போடு பொறுத்துக்கொள்வார்கள். நிர்வாகம் இதற்குத் தரும் பெயர் ஒழுங்கீனம். இரவில் சோதனை நடத்தி, தங்கியவருக்கும் தங்க வைத்தவருக்கும் அபராதம் விதிக்கிறது. இடநெருக்கடியும் பாதுகாப்பும் உண்மையான சிக்கல்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அபராத ரசீதைத் தரும் காப்பாளர், 'உனக்கு ஏன் அறை கிடைக்கவில்லை, எந்தத் திட்டத்தில் விண்ணப்பித்தாய்' என்று கேட்டு ஒரு குறிப்பு எழுதினால், அந்த ஒரே இரவில் நிறுவனத்துக்கு ஒரு கணக்கெடுப்புக் கிடைத்துவிடும். உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நாட்டில் சுமார் 4.33 கோடி மாணவர்கள். அக்கணக்கெடுப்பு விடுதிகளை எண்ணுகிறது, பட்டினியை எண்ணுவதில்லை. உள்ளூர் முகவரி உள்ளவருக்கு விடுதி இல்லை என்னும் விதியும் இவ்வாறே. நகரத்துக் குடிசைப் பகுதியில் ஒற்றை அறையில் எழுவரோடு வாழும் மாணவர், ஆவணங்களின்படி 'வீட்டிலிருந்து வந்து படிப்பவர்'.

சோறும் கூரையும் கல்விக்குப் புறம்பான கருணைச் செயல்கள் என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ஏழைப் பிராமண மாணவர்களுக்கு நாளுக்கொரு வீட்டில் உணவளிக்கும் வாரச்சாப்பாட்டு முறை தமிழகத்திலும், வாரான்னம் என்ற பெயரில் கர்நாடகத்திலும், மராத்திய நாட்டிலும் இருந்தது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளைப் படிக்க வைக்க எடுத்த ஏற்பாடு அது. பிற சாதியாருக்கு அந்த வீடுகள் திறக்கவில்லை. கோலாப்பூரின் சாஹு மகாராஜா இதைப் புரிந்துகொண்டவர். கல்லூரியில் இடம் தந்தால் போதாது, நகரத்தில் உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டும் என்று கண்டு, 1901இல் மராத்தா மாணவர் விடுதியில் தொடங்கி, சமணர், லிங்காயத்துகள், முஸ்லிம்கள், தீண்டத்தகாதோர் எனப்பட்டோர் என்று பல சமூகத்தாருக்கும் விடுதிகள் உருவாக வழிசெய்தார். கர்மவீர் பாவுராவ் பாட்டில் இன்னும் ஓரடி முன்னே போனார். 1919இல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய அவர், சாத்தாராவில் பல சாதி மாணவர்களும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்ணும் விடுதியை நடத்தினார். மாணவர்களின் உணவுக்காக அவர் மனைவி லட்சுமிபாய் தம் நகைகளை இழந்தார். தும்கூர் சித்தகங்கா மடத்தில் இன்றும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் உண்டு, உறங்கி, படிக்கிறார்கள். இவர்கள் எவரும் மாணவரிடம் 'உதவி எங்கே கிடைக்கும் என்று நீயே தேடி வா' என்று சொல்லவில்லை. அக்கறையை நாம் உரிமையாக மாற்றியது சரியான வளர்ச்சி. மாற்றும்போது, மாணவரைத் தேடிப் போகும் ஆளை மட்டும் எங்கோ தொலைத்துவிட்டோம்.

பேராசிரியர்கள் சிலர் இவ்விடத்தில் ஒரு மறுப்புச் சொல்வார்கள்: 'எங்கள் காலத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படித்தோம், அதுதான் எங்களை ஆளாக்கியது.' அவர்களின் துயரத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இது ஆய்வு முறையியலில் முதலாண்டு மாணவர்க்கே கற்பிக்கப்படும் பிழை: எஞ்சியவர்களை மட்டும் மாதிரியாகக் கொள்வது. அவர்களோடு சேர்ந்து, அதே பட்டினியில் இரண்டாம் ஆண்டில் ஊர் திரும்பிய வகுப்புத் தோழர்கள் தன்வரலாறு எழுதவில்லை. 'உழைத்துச் சாப்பிடட்டும்' என்பது மற்றொரு வாதம். பாவுராவ் பாட்டிலும் உழைக்கச் சொன்னார். அவர் மாணவர்கள் நிறுவனத்தின் நிலத்திலேயே, வகுப்புக்கு இடையூறில்லாத நேரத்தில் உழைத்தார்கள். இன்றைய மாணவர் இரவு பன்னிரண்டு மணிவரை செயலி சொல்லும் வீடுகளுக்கு உணவுப் பொட்டலம் சுமந்துவிட்டு, காலை ஒன்பது மணி வகுப்பில் தூங்குகிறார்; நாம் அவருடைய வருகைப் பதிவைக் கணக்கிடுகிறோம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013) பள்ளி மாணவருக்கு எட்டாம் வகுப்புவரை மதிய உணவை உரிமையாக்கியது. கல்லூரி அதன் எல்லைக்கு வெளியே. இந்த இடைவெளியில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருபவை சான்றிதழ் கேட்காத உணவுக்கூடங்கள்: தமிழ்நாட்டின் அம்மா உணவகம், 2017இல் பெங்களூரில் தொடங்கிய இந்திரா கேண்டீன், ஹைதராபாத்தின் ஐந்து ரூபாய்ச் சாப்பாடு, 2020இல் மஹாராஷ்டிரத்தில் வந்த சிவபோஜன் தாலி. டெல்லி மாணவர்களுக்கு பங்களா சாஹிப் குருத்வாராவின் லங்கர். வரிசையில் அமர்ந்தால் சோறு வரும். வருமானம் என்ன, சாதி என்ன, 'உண்மையிலேயே' பசிக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. இத்தகைய கூடம் ஒன்றைப் பல்கலைக்கழக வாயிலுக்கு அருகில் அமைக்கும்படி மாநகராட்சிக்கு ஒரு துணைவேந்தர் கடிதம் எழுதுவதில் என்ன தடை இருக்க முடியும்?

உடையைப் பற்றி எவரும் பேசுவதேயில்லை. தெற்கிலிருந்து டெல்லிக்கோ சண்டிகருக்கோ படிக்கப்போகும் மாணவரிடம் நவம்பரில் கம்பளிச் சட்டை இராது. டிசம்பரில் ரஜாய் இல்லாமல் உறங்கவும் முடியாது. வேதியியல் மாணவருக்கு ஆய்வகக் கோட்டு, பொறியியல் மாணவருக்குப் பட்டறைக் காலணி, வளாக நேர்காணலுக்கு இஸ்திரி போட்ட சட்டை, ஷூ. கூச்சம் அதிகம் வேலை செய்யும் இடம் இது. சோறில்லை என்பதைக்கூட நண்பரிடம் சொல்லிவிடுவார்கள், மாற்று உடை இல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, பழைய துணியைத் தானமாக எறியாமல், கிராம மக்கள் தங்கள் ஊருக்குச் செய்த பொதுப்பணிக்கு ஈடாக அதை அளித்து, பெறுபவரின் மதிப்பைக் காத்தது. நம் விடுதிகளில் ஒவ்வொரு மே மாதமும் படிப்பு முடித்துப் போகிறவர்கள் மெத்தை, ரஜாய், வாளி, மேசை விளக்கு, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் விட்டுப் போகிறார்கள். அவை பழைய சாமான் வியாபாரியிடம் போகின்றன. ஜூலையில் புதியவர் வந்து அவற்றையே விலைக்கு வாங்குகிறார். நடுவில் உள்ள இரண்டு மாதத்துக்கு ஒரு பூட்டிய அறையும், சலவைக்குச் சிறு தொகையும் போதும்.

நான் கேட்பது பெரிய கட்டடங்களை அன்று. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும், பெரிய கல்லூரியிலும், இவ்வேலைக்கென்றே ஊதியம் பெறும் ஒருவர். துணைப்பதிவாளரின் கூடுதல் பொறுப்பாக அன்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், தன் சமுதாயக் கல்லூரி ஒவ்வொன்றிலும் அடிப்படைத் தேவைகளுக்கான மையமும் அதற்கொரு ஒருங்கிணைப்பாளரும் இருக்க வேண்டும் என்று விதித்தது. நமக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. எஸ்.சி./எஸ்.டி. பிரிவும் சமவாய்ப்புப் பிரிவும் ஏற்கெனவே உள்ளன. அவற்றின் மேசைகள் நிர்வாகக் கட்டடத்தின் மாடியில் இருக்கின்றன, மெஸ்ஸின் வாயிலில் இருக்க வேண்டும். புதிய மாணவருக்கான தீக்ஷாரம்ப் அறிமுக நிகழ்ச்சியை 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. அதில் நிறுவனத்தின் பெருமையைக் கேட்கும் மணிநேரங்களில் ஒன்றை எடுத்து, எல்லா மாணவரும் தத்தம் கைப்பேசியில் எந்த வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறது என்று பார்க்கச் செய்யலாம். எல்லாருக்கும் செய்வதால் எவருக்கும் கூச்சமில்லை. விண்ணப்பம் நிரப்ப நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைப் பயன்படுத்தலாம். மரம் நட்டுப் புகைப்படம் எடுப்பதைவிட அது பயனுள்ள பணி.

எல்லாவற்றிலும் முதன்மையானது முன்பண நிதி. உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவரின் முதல் நான்கு மாத மெஸ் கட்டணத்தையும் வைப்புத்தொகையையும் நிறுவனமே ஏற்று, தொகை வரும்போது ஈடுசெய்துகொள்ள வேண்டும். வராத தொகையை வசூலிக்க அரசிடம் கடிதம் எழுதுவது பதிவாளரின் வேலை. இப்போது அவ்வேலை தேர்வு அனுமதிச் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மாணவரைக் கொண்டே செய்விக்கப்படுகிறது. நான் படித்த ஒரு நிறுவனத்தில், மெஸ் பாக்கிக்காக அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதே பலகையில், இரண்டு தாள் தள்ளி, உதவித்தொகை 'செயல்பாட்டில் உள்ளது' என்னும் சுற்றறிக்கையும் இருந்தது. இரு பட்டியல்களிலும் பெரும்பாலும் அதே பெயர்கள்.

கோடை விடுமுறையையும் மறந்துவிடக் கூடாது. விடுதியை மூடினால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது நம் நிர்வாகங்களின் எண்ணம். 2020 மார்ச்சில் விடுதிகளைக் காலிசெய்யச் சொன்னபோது போக வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்பது சில நாட்களுக்கேனும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு விடுதியும் ஒரு மெஸ்ஸும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கட்டும்.

உங்கள் நிறுவனத்தில் இத்தகைய முன்பண நிதி உண்டா, அதன் விண்ணப்பம் எத்தனை பக்கம், எவ்வளவு தொகை, எத்தனை நாளில் கையில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வெளிமாநிலத்தில் படித்துத் தமிழ்நாட்டு உதவித்தொகை பெற்றவர்கள், எந்த அலுவலகம் உண்மையில் பதில் தந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். மாநிலவாரியாகத் தொகுத்து, அடுத்த சேர்க்கைக்கு முன்பாக ஒரே கோப்பாக இங்கே பகிர்கிறேன்.